கோடையில் கண்ட படங்கள்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை உண்டு என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஒன்றுமில்லை என்று முன்னதாகவே ஒப்புக்கொண்டு விடுகிறோம். படம் பிடிக்கும் வித்தை நமக்குத் தெரியாது. எந்த நடிகருடைய ரசிகர் சங்கத்திலும் நாம் அங்கத்தினரல்லோம். செபராங் பிறையின் தெற்கே, நிபோங் திபாலை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை ஓய்வு கிடைக்கும்போது தாயாரைக் காரில் ஏற்றிக்கொண்டு, 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் வழியே கடலைத் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குப் போய், கொம்தார் கோபுரத்தை ஒட்டிய பேரங்காடியின் மேல்மாடிக் கொட்டகையில் ஒரு படம் பார்த்துவிட்டு, பினாங்கு ரோட்டுச் சந்தில் ஒரு கோப்பை செண்டோல் குடித்துத் திரும்புகிறவர்களில் நாமும் ஒருவர். நமக்கும் சினிமாவுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவே. ஆயினும் காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமையுண்டு என்ற எண்ணத்தில், 2025ஆம் வருஷத்துக் கோடையில் நாம் கண்ட படங்களைக் குறித்து எழுதத் துணிந்தோம்.

கோடை என்று எழுதிவிட்டோமேயன்றி, பினாங்கில் கோடை ஏது? தை மாதத்தில் காய்கிற வெயில்தான் சித்திரையிலும் காய்கிறது. மழை தனக்குத் தோன்றியபோது வந்து பெய்கிறது. கோடை என்னும் சொல்லே நம்மவர்க்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. அங்கே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுகின்ற சித்திரை, வைகாசி மாதங்களில் பெரிய நடிகர்களின் படங்களை வெளியிடுகிறார்கள். அவை இங்கும் கூடவே வந்து சேர்கின்றன. அப்போது நமக்கும் கோடை பிறந்துவிட்டதென்று தெரிந்துகொள்ளுகிறோம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நலம். நமக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தது பள்ளிக்கூடமன்று, சினிமாவே. நம் தகப்பனாரும் தோட்டத்துக் கிராணிதான். தம் மகன் துரைமாரோடு சரிசமமாய்ப் பேசவேண்டும் என்ற ஆசையினால், கடன் வாங்கி, ஜார்ஜ் டவுனில் அத்தை வீட்டில் நம்மைத் தங்க வைத்து, தனியார் ஆங்கிலப் பள்ளியொன்றில் சேர்த்தார். தமிழ்ப் பள்ளியின் வாசற்படியை நாம் மிதித்ததில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்கையில், சுவர்களில் ஒட்டியிருந்த சினிமா விளம்பரங்களைப் பார்த்து, நடிகரின் முகத்தைக் கொண்டு பெயரை ஊகித்து, பெயரைக் கொண்டு எழுத்தை ஊகித்துத்தான் நாம் தமிழ் வாசிக்கப் பழகினோம். 1999இல் ‘படையப்பா’ வந்தபோது அந்த ஐந்து எழுத்துக்கு நடுவே ஒரு புள்ளி ஏன் வருகிறதென்று அத்தையைக் கேட்டு, அவர்கள் விழித்தது இன்றும் நினைவிலிருக்கிறது. எழுத்து மட்டுமல்ல, பேச்சும் அப்படியே. படத்தில் கதாநாயகன் பேசுவதுதான் தமிழ், நம் தோட்டத்து ஜனங்கள் பேசுவது கொச்சை என்று ஓர் எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தபோது, “சடக்கு ஓரமாப் போய்யா” என்று சொன்ன தாயாரை நோக்கி, “சடக்கு இல்லேம்மா, சாலை” என்று திருத்தினோம். கித்தா மரம் என்றால் ரப்பர் மரம் என்றோம். பசியாறியாச்சா என்று யாரேனும் விசாரித்தால் சிரித்தோம். நமக்கு அப்போது வயது பத்து. தாயார் ஒன்றும் சொல்லவில்லை; நம் முன்னிலையில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த விஷயம் கீழே மறுபடியும் வரும்.

இனிப் படங்களுக்கு வருவோம்.

ஏப்ரல் 10ஆந் தேதி ‘குட் பேட் அக்லி’ வந்தது. அஜித்குமார் நடித்தது; ஆதிக் ரவிச்சந்திரன் டைரக்ட் செய்தது. இதைப் படம் என்பதைவிடத் தேர்த்திருவிழா என்பது பொருந்தும். கதை என்னவென்று கேட்டால், மகனைக் காப்பாற்றப் புறப்பட்ட ஒரு பழைய ரௌடி பல பேரை அடிக்கிறான் என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நடிகர் முன்பு நடித்த படங்களின் வசனங்களும் கோலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; ஒவ்வொன்றுக்கும் கொட்டகையிலிருந்த வாலிபர்கள் எழுந்து கூவுகிறார்கள். இடையிடையே பழைய பாட்டுகள் வேறு. தம் பாட்டுகளை அனுமதியின்றி எடுத்தாண்டதாக இளையராஜா அவர்கள் வக்கீல் நோட்டீசு அனுப்பிய செய்தி பிறகு பத்திரிகையில் வந்தது. நமக்கு அப்படத்தில் பிடித்தமான பாகமும் அந்தப் பாட்டுகளே என்பதால், நோட்டீசில் நியாயம் இருப்பதாகவே தோன்றிற்று. ஒரு நடிகர் தம்முடைய பழைய புகழையே மூலதனமாக்கி வட்டி வாங்குவது அவருக்கு லாபமாயிருக்கலாம். அபிமானிக்கு அதில் என்ன மிச்சமென்று விளங்கவில்லை.

மே மாதம் முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று, இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று ‘ரெட்ரோ’, மற்றது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. பெயர்களைக் கவனித்தீர்களா? முன் சொன்ன படமும் ஆங்கிலம், இவ்விரண்டும் ஆங்கிலம், ஜூன் மாதம் வந்த ‘தக் லைஃப்’ என்பதும் ஆங்கிலம். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006இல் தமிழ்நாட்டு அரசாங்கம் சலுகை கொடுத்தபோது தயாரிப்பாளர்களுக்கு உண்டான தாய்மொழிப் பற்று இப்போது எங்கே போயிற்றோ! நம் தகப்பனார் கடன் வாங்கி ஆங்கிலம் படிக்க வைத்தது வீணாகவில்லை. தமிழ்ப் படங்களின் பெயரைத் தடங்கலின்றி வாசிக்க அது உதவுகிறது.

‘ரெட்ரோ’வைக் கார்த்திக் சுப்பராஜ் எடுத்திருக்கிறார், கதாநாயகன் சூர்யா. சிரிக்கத் தெரியாத ஒருவன் சிரிப்பைத் தேடிப் போகிறான் என்ற கற்பனை புதிது. முற்பகுதியில், ஒரு கல்யாண வீட்டில் ஆட்டமும் பாட்டும் அடிதடியும் நடுவில் வெட்டின்றி நீண்டுகொண்டே போகும் காட்சியை மூச்சடக்கிப் பார்த்தோம். அதற்குப் பின் கதை அந்தமான் பக்கத்துத் தீவொன்றுக்குப் போகிறது. அங்கே ஒரு கூட்டத்தார் மனிதர்களை அடிமைகளாக வைத்து, ஒருவரோடொருவர் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். இவ்விடத்தில் நமக்கு மனக்குறை. அத்தனை அடிமைகளில் ஒருவருடைய முகமும் வீடு திரும்பும்போது நம் நினைவில் இல்லை. அவர்கள் அடிபடுவதும் அழுவதும் கதாநாயகன் வந்து மீட்பதற்காகவே. தீவில் கட்டிவைக்கப்பட்ட மனிதன் தன் வாயால் தன் கதையைச் சொல்ல ஐந்து நிமிஷம் கிடைத்திருந்தால், அந்த இரண்டு மணி நேரத்துச் சண்டைக்கும் ஓர் அர்த்தம் உண்டாயிருக்கும்.

தீவென்றவுடன் ஒரு சேதி. பாலத்தைக் கடந்து பாத்து மாவுங்கில் இறங்கி, கடலோரச் சாலையில் ஜார்ஜ் டவுனை நோக்கிப் போகும்போது வலப்பக்கத்தில் பச்சைப்பசேலென்று ஒரு தீவு தெரியும். ஜெரெஜாக் என்பது அதன் பெயர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்த தோட்டக் கூலிகளை நோய்த் தடுப்புக்காக இறக்கி அடைத்து வைத்த இடம் அது. நம் தாயாரின் பாட்டனார் அங்கே இருந்துதான் தோட்டத்துக்குப் போனார் என்பது குடும்பத்து வழக்கு. 1969இலிருந்து 1993 வரை அது சிறைச்சாலையாகவும் இருந்தது. ஒவ்வொரு முறை படத்துக்குப் போகும்போதும் அதைக் கடந்தே போகிறோம்; தாயார் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். வேறொன்றும் பேசுவதில்லை.

மே 3ஆந் தேதி சனிக்கிழமை, தாயாருடன் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்தோம். டைரக்டர் அபிஷன் ஜீவிந்த் மிகவும் இளைஞர். இது அவருக்கு முதற் படம். சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியாக நடித்திருக்கிறார்கள். இலங்கையில் உண்டான பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியின்றி, இரண்டு பிள்ளைகளோடு இரவில் படகேறி இராமேசுவரத்தில் வந்திறங்கும் ஒரு குடும்பத்தின் கதை. பாஸ்போர்ட்டு இல்லை, காகிதம் இல்லை. சென்னையில் மைத்துனர் (யோகி பாபு) ஒரு குடியிருப்பில் வீடு பார்த்துக் கொடுத்து, எச்சரிக்கையும் கொடுக்கிறார்: வாய் திறந்து பேசாதீர்கள், உங்கள் பேச்சே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. கேரளத்திலிருந்து வந்தவர்களென்று சொல்லிக்கொள்ளச் செய்கிறார். அந்த வேடிக்கையில் கொட்டகை முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம்.

அப்போது தாயார் நம் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், “ஏன் தம்பி, அந்தப் புள்ளைங்கள பேச வேணாங்கிறாங்களே... நீ கூட சின்னதுல என்னைய அப்படித்தானே சொன்னே?” என்றார்கள்.

கோபமாகச் சொல்லவில்லை. திரையில் காண்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறவர்களைப்போல் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சோளப்பொரியைத் தின்னத் தொடங்கிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷமாக அவர்கள் அதை மறக்கவில்லை என்று அன்றுதான் நமக்குத் தெரிந்தது. அடுத்த கால் மணி நேரம் படத்தில் என்ன நடந்ததென்று நமக்குத் தெரியாது.

படத்தைப் பற்றிய நம் அபிப்பிராயம் இது. யாழ்ப்பாணத்தார் அப்பேச்சில் குறை காணலாம். அவர்கள் பேச்சு, அவர்கள் உரிமை. குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லாரும் இத்தனை நல்லவர்களாக இருப்பார்களா என்றும் கேட்கலாம். ஆனால் இப்படத்தில் துப்பாக்கி நாயகனில்லை. யாரும் யாரையும் மீட்க வானத்திலிருந்து குதிப்பதில்லை. அடுத்த வீட்டு மூதாட்டி இறந்தபோது, அந்நியனான தர்மதாஸ் முன்னின்று காரியம் பார்க்கிறான். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருந்த அண்டை வீட்டார் அன்றுதான் வாசலில் கூடுகிறார்கள். அந்தக் குடும்பம் பேசுகிறது, சண்டையிடுகிறது, கேலி செய்கிறது. முகத்தோடும் குரலோடும் இருக்கிறது. ‘ரெட்ரோ’வில் நாம் தேடி ஏமாந்தது இங்கே கிடைத்தது. கடைசியில் போலீசு வந்து அவர்களைத் தேடும்போது, குடியிருப்பு முழுவதும் ஈழத்தமிழில் பேசி அவர்களை மறைத்துக்கொள்ளுகிறது. வெட்கப்பட்டு ஒளித்து வைத்த பேச்சே கவசமாகிவிடும் அந்தக் கட்டத்தில் கொட்டகையில் பலர் மூக்கைச் சிந்தினார்கள். நம் முன்வரிசையில் இருந்த சீன நண்பரொருவர், அவர் மனைவியுடன் வந்தவர், கீழே ஓடிய மலாய் வாசகங்களைப் படித்தே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு யோசனை. நம்முடைய மலேசியத் தமிழைத் திரையில் எப்போது கேட்டோம்? 2016இல் ‘கபாலி’ வந்தபோது நம் நாட்டில் திருவிழாவே நடந்தது. பா. ரஞ்சித் அவர்கள் தோட்டத் தொழிலாளரின் கூலிப் போராட்டத்தைக் கதையில் வைத்ததற்கு நாம் நன்றி பாராட்டினோம். இங்கே ஓடிய பிரதியில், போலீசில் சரணடைந்ததாக முடிவில் ஒரு வாசகம் சேர்த்திருந்ததைப் பார்த்துச் சிரித்தும் கொண்டோம். ஆனால் அதில் வரும் மலேசியத் தமிழர்கள் பெரும்பாலும் சென்னைக்காரரைப்போலத்தான் பேசினார்கள். நம் பேச்சை நம் பேச்சாகவே நாம் கேட்ட படம், சஞ்சய் குமார் பெருமாள் இந்நாட்டில் எடுத்து 2015 டிசம்பரில் வெளியிட்ட ‘ஜகாட்’. ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் புகுந்து உருமாறியதே அந்தப் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பட்டணத்து ஓரங்களில் வந்து விழுந்த குடும்பங்களையும், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையனையும் பற்றியது. 2016ஆம் வருஷத்து மலேசியத் திரைப்பட விழாவில் அதற்கு மலேசியாவின் சிறந்த படம் என்ற விருது கிடைத்தது. நாம் அதைக் கொட்டகையில் பார்க்கவில்லை. உள்ளூர்ப் படந்தானே என்று விட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் பார்த்தோம். சினிமாவில் தமிழ் படித்தவனுடைய லட்சணம் அது.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டுக்குப் போனோம்.

நம் தோட்டத்தில் இன்று குலை வெட்டுகிறவர்களில் தமிழர் மிகச் சிலர். வங்காள தேசத்தார், இந்தோனேசியர், நேப்பாளத்தார் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர், பாஸ்போர்ட்டு இலக்கம், பெர்மிட்டு முடியும் தேதி இவையெல்லாம் எழுதி வைப்பது நம் வேலை. வங்காள தேசத்து வாலிபன் ஒருவனுடைய பெர்மிட்டு ஏப்ரலில் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கும் பணத்தைக் கட்டவேண்டியவன் அவனல்ல. கட்டவேண்டியவர் யாரென்று இங்கு எழுதுவது நம் நோக்கமன்று. செக்ரோலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடும்படி நமக்குச் சொல்லப்பட்டது. நாம் எடுத்துவிட்டோம். கம்ப்யூட்டரில் ஒரு வரியை அழிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவன் தோட்டத்தில்தான் இருந்தான். குலை வெட்டிக்கொண்டுதான் இருந்தான். அவன் வெட்டிய குலைகள் வேறொருவன் பெயரில் எழுதப்பட்டன. எழுதியதும் நாமே.

அன்று காலை அவன் ஆபீசு ஜன்னலண்டை வந்து, மலாய் மொழியில், “என் பேரு இன்னும் வரலியா, போஸ்?” என்று கேட்டான். வரும் என்றோம். சனிக்கிழமை இரவு காகிதமில்லாத ஒரு குடும்பத்துக்காகக் கைக்குட்டையை நனைத்தவர் திங்கட்கிழமை காலையில் அப்படிச் சொன்னார்.

‘மாமன்’ மே 16ஆந் தேதி வந்தது. சூரி கதாநாயகன். தாய்மாமனும் மருமகனும் ஒருவரையொருவர் பிரியாதிருப்பதும், அதனால் மாமன் மனைவிக்கு உண்டாகும் சங்கடமும் கதை. நமக்கு நடுவில் இரண்டொரு முறை கொட்டாவி வந்தது. அழுகை அளவுக்கு மிஞ்சியது என்பது நம் கருத்து. தாயாருக்கோ இந்தக் கோடையிலேயே மிகவும் பிடித்த படம் இதுதான். காரணம் காரில் வரும்போது தெரிந்தது. அவர்களுக்கு ஒரு தாய்மாமன் இருந்தாராம். 1957இல் சுதந்திரம் வந்தபோது யாரோ எழுதிக் கொடுக்கவேண்டிய மனுவை யாரும் எழுதிக் கொடுக்காததால், பிரஜா உரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தாராம். 1969க்குப் பின் பிரஜைகளல்லாதார்க்கு வேலைப் பெர்மிட்டு வேண்டுமென்று ஆயிற்று. தோட்டத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அப்போது இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்த மாமனும் குடும்பத்தோடு பினாங்குத் துறையில் ரஜூலாக் கப்பல் ஏறினார். தாயாருக்கு வயது பத்து. “கப்பல் நகர்றப்ப மாமா துண்ட ஆட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்கு அது எந்தத் துண்டுன்னு தெரியல. எல்லாருமே துண்ட ஆட்டுனாங்க” என்றார்கள். அதன் பிறகு இரண்டு கடுதாசி வந்ததாம்.

மனு எழுதிக் கொடுக்கவேண்டிய அந்த யாரோ பெரும்பாலும் தோட்டத்துக் கிராணியாகத்தான் இருந்திருப்பார். இதைத் தாயாரிடம் நாம் கேட்கவில்லை.

ஜூன் 5ஆந் தேதி வந்த ‘தக் லைஃப்’ பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1987இல் ‘நாயகன்’ எடுத்த மணிரத்னமும் கமல்ஹாசனும் 38 வருஷங்களுக்குப் பின் ஒன்றுசேர்ந்தார்கள் என்பதே அதன் விளம்பரம். அதுவே அதன் பாரமுமாயிற்று. தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்று கமல்ஹாசன் மேடையில் சொன்னதால் கன்னட நாட்டில் படம் வெளியாகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. எம்மொழி எம்மொழிக்குத் தாய் என்று தீர்ப்புச் சொல்ல நடிகருக்கு அவசியமென்ன, அதற்காகப் படத்தைத் தடுக்க மற்றவர்க்கு நியாயமென்ன என்பது நமக்கு விளங்காத விஷயம். படத்திலே வயது முதிர்ந்த தலைவனும் வளர்த்த பிள்ளையும் ஒருவரையொருவர் சந்தேகித்துக் கொல்லப் பார்க்கிறார்கள். ஏன் என்று நம்பும்படி யாரும் சொல்லவில்லை. வெளியாவதற்கு முன்பே ஊரெல்லாம் முணுமுணுத்த ‘முத்த மழை’ப் பாட்டைக் கேட்கலாமென்று போனவர்களுக்கு அது படத்தில் இல்லை என்பது கடைசி ஏமாற்றம்.

ஜூன் 20ஆந் தேதி ‘குபேரா’. தெலுங்கு டைரக்டர் சேகர் கம்முலா தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்தது. தனுஷ் பிச்சைக்காரனாக நடிக்கிறார். நாகார்ஜுனா ஒரு முன்னாள் புலன் விசாரணை அதிகாரி. கோடிக்கணக்கான கள்ளப் பணத்தை மறைக்க, தேடுவாரற்ற பிச்சைக்காரர்கள் நால்வரைப் பிடித்து வந்து, குளிப்பாட்டி, உடுத்தி, அவர்கள் பெயரில் கம்பெனிகளும் வங்கிக் கணக்குகளும் உண்டாக்குகிறார்கள். பெயர் தேவை, மனிதன் தேவையில்லை. காரியம் முடிந்ததும் மனிதனைத் தீர்த்துவிடலாம். படம் மூன்று மணி நேரம் ஓடுகிறது. பிற்பகுதியில் துரத்தலும் ஓடலும் சலிப்பைத் தருகின்றன. ஆனால் தனுஷ், பிச்சைக்காரனாக நடித்தார் என்றே சொல்லக்கூடாது. அவர் உட்காரும் விதமும், பிறர் முகத்தைப் பாராமல் கையைப் பார்க்கும் விதமும் நாம் ஆபீசு ஜன்னலில் தினமும் காண்பவை.

அந்தப் பெயர் வியாபாரத்தைப் பார்த்தபோது நம் வயிற்றில் ஏதோ புரண்டது. நம் தோட்டத்தில் பெயர் இருக்கிற ஒருவன் கணக்கில் பெயர் இல்லாத ஒருவனுடைய குலைகள். சினிமாவிலே கோடிகள், இங்கே சில நூறு வெள்ளி, முறை ஒன்றுதான். தாயார் வரவில்லை, தனியாகப் போயிருந்தோம். இடைவேளையே இல்லாத இந்த நாட்டுக் கொட்டகையில் நாமாக எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை, எழுத்து மூலமாக மேலே தெரிவித்தோம். இன்ன தேதி முதல் இன்னார் வெட்டிய குலைகள் இன்னார் பெயரில் பதிவாகியிருக்கின்றன. பெர்மிட்டுக்கான பணம் கட்டி, பெயரைத் திரும்பச் சேர்க்க உத்தரவு வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினோம். ஆங்கிலப் பள்ளியில் கற்ற இலக்கணமெல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது. பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த வாரமே பக்கத்துத் தோட்டத்தில் இமிகிரேஷன் சோதனை நடந்ததாகச் செய்தி பரவிற்று. மறுநாள் பெரட்டில் அவன் இல்லை. லயத்து அறையில் அவனுடைய பாயும், ஒரு தகரப் பெட்டியும், தாயார் எப்போதோ ஊறுகாய் போட்டுக் கொடுத்த மங்கும் இருந்தன. மங்கு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவன் தோழர்களைக் கேட்டோம். தெரியாது என்றார்கள். தெரிந்தாலும் கிராணியிடம் சொல்லுவார்களா?

ஜூலையில் ஒரு நாள் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைத் தாயார் வீட்டிலேயே டெலிவிஷனில் மறுபடி போடச் சொன்னார்கள். இப்போது வீட்டுக்கே படம் வந்துவிடுகிறது. கொட்டகையில் ஓடி முடியுமுன்பே வருகிறது. நாம் மேஜையண்டை செக்ரோல் பார்த்துக்கொண்டிருந்தோம். போலீசு வரும் கட்டம் வந்தது. குடியிருப்பிலுள்ளவர்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள்.

தாயார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்த பங்களாப் பையன் எங்க போனானோ, ஏதாச்சும் தெரிஞ்சிச்சா தம்பி?” என்று கேட்டார்கள்.

தெரியவில்லை என்றோம்.

“மழ வர்ற மாதிரி இருக்கு. சடக்குப் பக்கம் துணி காயுது, எடுத்துட்டு வந்திரு” என்றார்கள்.

எழுந்து போய்ச் சடக்கோரத்துக் கொடியிலிருந்த துணிகளை எடுத்து வந்தோம்.